ஓடுபாதையில் ஒரு பள்ளம்: ஒரு சிவில் என்ஜினீயரின் பார்வை

(முன்னாள் மாணவர் சந்திப்பின் தொழில்நுட்ப அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உங்க துறையிலிருந்து எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க தம்பி, ஆனா சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்று செயலாளர் சார் சொல்லியிருக்கிறார். கட்டுப்படுகிறேன். என் துறை ஓடுபாதை. விமான நிலையங்களில் ரன்வே போடுவதும், பழசான ரன்வேயைப் புதுப்பிப்பதும்தான் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் பார்க்கும் வேலை. ஆனால் இன்று ஓடுபாதை போடுவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதை உடைப்பதற்கென்றே சில நாடுகள் செய்த ஆயுதங்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

"கட்டுகிறவனுக்கு உடைக்கிற பேச்சு எதற்கு?" என்று கேட்கலாம். பூட்டு செய்கிறவனுக்குத் திருடனின் கைவேலையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? இன்னொரு காரணமும் உண்டு. நான் சொல்லப் போவதெல்லாம் முடிந்துபோன வரலாறு. எல்லாம் வெளியில் வந்துவிட்ட விஷயங்கள். அந்த வரலாற்றில் எந்தப் பிரிவு மாணவருக்கும் பயன்படக்கூடிய ஒரு பாடம் இருக்கிறது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் ஓடுபாதையைக் குறி வைக்கிறார்கள்?

போர் விமானம் வானத்தில் புலி. தரையில் அது நகராத தகரம். அதைத் தரையிலேயே கட்டிப்போட்டுவிட்டால் பாதிப் போர் முடிந்த மாதிரி. 1967 ஜூன் 5-ஆம் தேதி காலையில் இஸ்ரேல் விமானப்படை இதைச் செய்து காட்டியது. எகிப்தின் விமானதளங்களுக்கு மிகத் தாழ்வாகப் பறந்து போய், முதலில் ஓடுபாதைகளை உடைத்தார்கள். மேலே எழும்ப வழியில்லாமல் நின்ற விமானங்களைப் பிறகு ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்கள். அன்று ஓடுபாதைக்கென்றே வடிவமைத்த, ராக்கெட் பொருத்திய குண்டுகளையும் பயன்படுத்தினார்கள். உலகத்தின் எல்லா விமானப்படைகளும் அன்றைக்கு ஒரு பாடம் படித்துக்கொண்டன. தன் விமானங்களைத் தடித்த கான்கிரீட் கூடுகளுக்குள் வைக்க வேண்டும் என்பது ஒரு பாதி. எதிரியின் ஓடுபாதையை உடைக்கத் தனி ஆயுதம் வேண்டும் என்பது மறு பாதி.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஓர் இராணுவ ஓடுபாதை சுமார் 45 மீட்டர் அகலம், இரண்டரை முதல் மூன்று கிலோமீட்டர் நீளம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவசரத்துக்கு ஒரு போர் விமானம் எழும்ப அத்தனை இடம் தேவையில்லை. 15 மீட்டர் அகலம், சுமார் 1,500 மீட்டர் நீளம் உள்ள ஒரு சுத்தமான பட்டை போதும் என்பது நேட்டோ நாடுகளின் பழைய கணக்கு. அதாவது, 45 மீட்டர் அகலத்தில் அப்படி மூன்று பட்டைகள் பக்கம் பக்கமாக ஒளிந்திருக்கின்றன. எந்த மூலையிலும் அப்படி ஒரு பட்டை மிஞ்சாதபடி பள்ளங்கள் விழ வேண்டும். பக்கத்திலே ஓடும் டாக்ஸிவேயையும் அவர்கள் ஓடுபாதையாக்கிக்கொள்ளலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

1982 மே 1-ஆம் தேதி, ஃபாக்லாந்து தீவுப் போரில், பிரிட்டனின் வல்கன் விமானம் ஒன்று அசென்ஷன் தீவிலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, ஸ்டான்லி ஓடுபாதையின் மேல் 21 குண்டுகள் போட்டது. ஓடுபாதையில் விழுந்தது ஒன்றே ஒன்று. "இருபத்தொன்று போட்டு ஒன்றுதானா?" என்று சிரிக்காதீர்கள். வல்கன் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், ஓடுபாதையைச் சாய்வாக வெட்டிக் கடந்தது. முப்பது டிகிரி சாய்வு என்று வைத்துக்கொண்டால், 45 மீட்டர் அகல ஓடுபாதையைக் கடக்க 90 மீட்டர் போக வேண்டும். குண்டுகள் ஏறக்குறைய ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக வரிசையாய் விழுந்தால், அதற்குள் ஒன்றோ இரண்டோதான் விழ முடியும். மீதி எல்லாம் குறி தவறினாலும் ஒன்றாவது படட்டும் என்பதற்கான காப்பீடு. நேராக ஓடுபாதையின் நீளவாக்கில் போனால் எல்லாம் உள்ளே விழலாம். சற்றே விலகினால் எல்லாம் வெளியே விழலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வடிவமைப்பாளர்கள் தவித்தார்கள்.

தாழப் பறப்பதில் உள்ள சிக்கல்

பனிப்போர்க் காலத்தில், அதாவது 1970, 80-களில், ஐரோப்பாவில் இரண்டு பக்கமும் ரேடாரும் ஏவுகணையும் நெருக்கமாக இருந்தன. உயரத்தில் வந்தால் ரேடார் கண்டுபிடித்துவிடும். ஆகவே மலை, மரம், வீடு எல்லாவற்றையும் உரசுகிற மாதிரி 60 மீட்டர் உயரத்தில் வா, இருட்டில் வா, வேகமாக வா என்றார்கள். அந்த உத்தியை வைத்துத்தான் விமானமே வடிவமைக்கப்பட்டது. பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் சேர்ந்து செய்த டொர்னாடோ அப்படிப் பிறந்ததுதான்.

சரி, 60 மீட்டர் உயரத்தில், விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிற விமானத்திலிருந்து ஒரு சாதாரணக் குண்டை விடுகிறோம். முதலாண்டு பிசிக்ஸ்தான், காற்றுத் தடையை விட்டுவிடுங்கள். தரையைத் தொட மூன்றரை விநாடி ஆகும். அப்போது கீழ்நோக்கிய வேகம் விநாடிக்கு 34 மீட்டர். முன்னோக்கிய வேகம் அப்படியே 250. குண்டு தரையைத் தொடும் கோணம் எட்டு டிகிரிக்கும் குறைவு! குளத்தில் சின்ன வயசில் ஓட்டாஞ்சில்லு எறிந்து தத்தித் தத்தி ஓட விட்டிருப்பீர்களே, அதே கதைதான். குண்டு கான்கிரீட்டைத் துளைக்காது. வழுக்கிக்கொண்டு ஓடும், இல்லையென்றால் துள்ளி எழும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குண்டும் விமானமும் ஒரே வேகத்தில் முன்னே போகின்றன. ஆகவே குண்டு வெடிக்கும்போது விமானம் எங்கே இருக்கும்? அதற்கு நேர் மேலே, 60 மீட்டர் உயரத்தில். தன் குண்டின் சிதறல் தன் வயிற்றிலேயே பாயும்.

அதற்காகக் குண்டு விமானத்தை விட்டு விலகிக் கொஞ்ச நேரம் ஆன பிறகே ஃபியூஸ் உயிர் பெறும்படி வைப்பார்கள். இங்கேயும் இரு பக்கமும் இடி. அந்த நேரத்தைக் குறைத்தால் விமானிக்கு ஆபத்து. கூட்டினால் குண்டு வெடிக்காமலே போகும். அதே 1982 போரில் அர்ஜென்டினா விமானிகள் உயிரைப் பணயம் வைத்து அலைகளுக்கு மேலே தாழப் பறந்து வந்து பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கினார்கள். பல குண்டுகள் கப்பலில் சரியாகப் பட்டும் வெடிக்கவில்லை. அத்தனை தாழ்விலிருந்து விட்டதால் ஃபியூஸுக்கு உயிர் வர நேரமில்லை என்பது முக்கியக் காரணம். விமானியின் துணிச்சலில் குறைவில்லை. அந்தக் குண்டும் அந்தப் பறக்கும் முறையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டு அனுபவம் இதற்கு நேர் எதிரான உதாரணம். 1971 டிசம்பர் 6-ஆம் தேதி, நம் விமானப்படையின் மிக்-21 விமானங்கள் டாக்காவின் தேஜ்காவ் ஓடுபாதையை 500 கிலோ குண்டுகளால் உடைத்தன. உயரத்திலிருந்து செங்குத்தாகச் சரிந்து வந்து போட்டார்கள். கோணம் செங்குத்தாக இருந்ததால் சாதாரணக் குண்டே உள்ளே இறங்கி வெடித்தது. அங்கே இருந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் அதன் பிறகு எழும்பவில்லை. ஆனால் எதிரியின் ரேடாரும் ஏவுகணையும் அடர்ந்திருக்கும் இடத்தில் இப்படி உயரத்தில் ஏறி வர முடியாது. ஐரோப்பியர்களுக்கு இருந்த கவலை அதுதான்.

இரண்டு விடைகள்

முதல் விடை பிரெஞ்சுக்காரர்களுடையது. மாத்ரா நிறுவனத்தின் துராந்தால் குண்டு சுமார் 200 கிலோ. விமானத்தை விட்டதும் பாராசூட் விரிந்து அதன் வேகத்தைக் குறைக்கும். விமானம் முன்னால் தப்பித்துப் போய்விடும். பாராசூட்டில் தொங்கும் குண்டு மூக்கைக் கீழே திருப்பும். ஆனால் வேகம் போய்விட்டதே, கான்கிரீட்டை எப்படித் துளைப்பது? அந்த நேரத்தில் வாலில் ஒரு ராக்கெட் பற்றிக்கொண்டு குண்டைத் தரைக்குள் குத்தித் தள்ளும். சுமார் 40 சென்டிமீட்டர் கான்கிரீட்டைத் துளைத்து, அடியில் போய், சற்றுத் தாமதித்து வெடிக்கும்.

ஏன் அடியில்? சிவில் படித்தவர்களுக்கு உடனே புரியும். மேலே வெடித்தால் கான்கிரீட்டில் ஒரு சின்னச் சொட்டை. சிமென்டைப் பூசி மூடிவிடலாம். கீழே, மண் அடுக்குக்குள் வெடித்தால் பலகை முழுவதும் மேலே எழும்பிப் பிளக்கும். சுற்றிலும் தரை வீங்கிவிடும். சில சமயம் மேலே சின்ன ஓட்டையும் உள்ளே பெரிய பொந்துமாக இருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விமானத்தின் சக்கரம் ஏறினால் உள்வாங்கும். நாம் நம்ம கான்கிரீட் லேபில் 28 நாள் காத்திருந்து கியூப் உடைத்துப் பார்த்தோமே, அந்த வலிமை எல்லாம் கீழே மண் கெட்டியாக இருந்தால்தான் செல்லும்.

இரண்டாவது விடை பிரிட்டனுடையது: ஜே.பி.233. 1970-களின் இறுதியில் அமெரிக்காவும் சேர்ந்து தொடங்கிய திட்டம். செலவு ஏறிக்கொண்டே போனதால் அமெரிக்கா இடையில் கழன்றுகொண்டது. டொர்னாடோவின் வயிற்றில் இரண்டு பெரிய பெட்டிகள். இரண்டும் சேர்ந்து நாலரை டன்னுக்கு மேல். ஒவ்வொரு பெட்டியிலும் ஓடுபாதையில் பள்ளம் போடும் சிறுகுண்டுகள் 30, கண்ணிவெடிகள் 215. பள்ளம் போடும் குண்டு பாராசூட்டில் இறங்கும். அதில் இரண்டு வெடிமருந்துகள்: முதலாவது கான்கிரீட்டில் துளை போடும், இரண்டாவது அந்தத் துளை வழியே உள்ளே போய் வெடிக்கும். ராக்கெட் தேவையில்லை. கண்ணிவெடிகள் எதற்கு? பள்ளத்தை மூட வருகிறவர்களைத் தடுக்க. தொட்டால் வெடிக்கும், தொடாவிட்டாலும் வெவ்வேறு நேரங்களில் தானாக வெடிக்கும்.

காகிதத்தில் பார்த்தால் அருமையான வடிவமைப்பு. ஒரே பாய்ச்சலில் அறுபது பள்ளம், நானூற்று முப்பது கண்ணி. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இவையெல்லாம் ஓடுபாதையின் மேல் சீராக விழ வேண்டுமென்றால், விமானம் ஓடுபாதைக்கு மேலேயே, தாழ்வாக, நேராக, வளையாமல் நெளியாமல் பறக்க வேண்டும். விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையைக் கடக்க 12 விநாடி. அத்தனையும் வேண்டாம், அதில் பாதி நேரமே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரி எங்கே பீரங்கிகளை அதிகமாக வைத்திருப்பான்? அதே ஓடுபாதையைச் சுற்றித்தான். எந்தக் கோட்டில் விமானம் வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். குறி பார்க்கக்கூட வேண்டாம். அந்தக் கோட்டுக்கு மேலே சுட்டுக்கொண்டே இருந்தால் போதும். போதாக்குறைக்குக் கீழே வெடிக்கும் குண்டுகளின் வெளிச்சம் இருட்டில் வந்த விமானத்தைக் காட்டிக்கொடுக்கும்.

1991-ல் நடந்தது

வார்சா ஒப்பந்த நாடுகளின் விமானதளங்களுக்காகச் செய்த ஆயுதம், 1991 ஜனவரி 17-ஆம் தேதி இரவு ஈராக் பாலைவனத்தில் முதல் தடவையாகப் போருக்கு வந்தது. ஈராக்கின் தளங்கள் சில மிகப் பெரியவை. ஒரு தளத்தில் இரண்டு மூன்று ஓடுபாதைகள், ஏராளமான டாக்ஸிவேக்கள். முழுவதையும் அடைக்க முடியாது என்பதால், விமானக் கூடுகளிலிருந்து ஓடுபாதைக்கு வரும் வழிகளை வெட்டுவது என்று திட்டமிட்டார்கள்.

சில நாட்களுக்குள் தாழப் பறக்கும் தாக்குதல்களை நிறுத்திவிட்டு, பிரிட்டிஷ் டொர்னாடோக்கள் பீரங்கிக்கு எட்டாத நடு உயரத்துக்கு மாறின. அந்தப் போரில் சண்டையில் இழந்த பிரிட்டிஷ் டொர்னாடோக்கள் ஆறு. இதை வைத்து "ஜே.பி.233 விமானிகளைக் கொன்ற ஆயுதம்" என்று அப்போது பரவலாகப் பேசிக்கொண்டார்கள். பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆறில் ஒன்றே ஒன்றுதான் ஜே.பி.233 தாக்குதலுக்குப் போனது. அதுவும் ஷைபா தளத்தில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் தரையில் மோதியது. சிறைப்பிடிக்கப்பட்டு ஈராக் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட ஜான் பீட்டர்ஸ், ஜான் நிக்கோல் இருவரும் அன்று கொண்டுபோனது சாதாரணக் குண்டுகள்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆயுதத்தைத் திட்டினால் விஷயம் முடிந்துவிடாது. ஒன்று விழுந்ததா ஆறு விழுந்ததா என்ற கணக்கில் மட்டும் தீர்ப்பு சொன்னாலும் தவறு. சில இரவுகளின் கணக்கு அது. அந்த ஆயுதம் தனக்குச் சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் அந்த வேலையைச் செய்ய ஒரே ஒரு வழியை மட்டும் விமானிக்கு விட்டு வைத்தது. வேறு உயரத்தில் போக முடியாது. வேறு கோணத்தில் போக முடியாது. "இன்றைக்கு எதிரி முழித்துக்கொண்டிருக்கிறான், தள்ளி நின்று போடுகிறேன்" என்று சொல்ல முடியாது. அந்த முடிவு, எத்தனையோ வருஷத்துக்கு முன், பத்திரமான ஓர் அலுவலகத்தில் தேவைப் பட்டியல் எழுதினபோதே எடுக்கப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. ஐரோப்பாவுக்கு அது சரியான கணக்காக இருந்திருக்கலாம். இடம் மாறியது, எதிரி மாறினான். ஆயுதத்தால் மாற முடியவில்லை.

பள்ளத்தை மூடுகிறவர்கள்

இப்போது என் ஆட்கள் பக்கம் வருகிறேன், அதாவது பள்ளத்தை மூடுகிறவர்கள். 1971 டிசம்பரில் குஜராத்தின் பூஜ் விமானதளத்தின் ஓடுபாதையைப் பாகிஸ்தான் விமானங்கள் உடைத்தன. போதுமான ஆட்கள் இல்லை. பக்கத்தில் உள்ள மாதாபர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர் வந்து, தளத்தின் அதிகாரி விஜய் கார்னிக்கின் பொறுப்பில், 72 மணி நேரத்தில் அதைச் சரி செய்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் தெரியாமல் இருக்கச் சாணியைக் கரைத்து மெழுகினார்கள். விமானச் சத்தம் கேட்டால் புதருக்குள் ஓடி ஒளிவது, போனதும் திரும்பி வந்து வேலை செய்வது. சார், ரன்வே ரிப்பேருக்கு இன்று நாங்கள் எத்தனை மெஷின் கேட்கிறோம், எத்தனை மெயில் போடுகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஸ்டான்லியில் அர்ஜென்டினாக்காரர்கள் வேறு தந்திரம் செய்தார்கள். உண்மையான பள்ளத்தை மூடியதோடு, பகலில் ஓடுபாதையில் மண்ணைக் குவித்துப் பொய்ப் பள்ளங்களைக் காட்டினார்கள். இரவில் அதை ஒதுக்கிவிட்டுச் சரக்கு விமானங்களை இறக்கினார்கள். போர் முடியும்வரை ஹெர்குலிஸ் விமானங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. 2017 ஏப்ரலில் அமெரிக்கா சிரியாவின் ஷைராத் தளத்தின் மேல் 59 டோமஹாக் ஏவுகணைகளை விட்டபோது ஓடுபாதையைத் தொடவே இல்லை. அதைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், ஏவுகணை வீண் என்று கணக்குப் போட்டார்கள். ஜல்லி, மண், மண்வெட்டி, மனுஷன். இந்த நாலும் இருந்தால் ஓடுபாதை மறுபடி எழுந்து நிற்கும்.

அதனால்தான் ஜே.பி.233-ல் கண்ணிவெடிகளைச் சேர்த்தார்கள். ஓடுபாதையை உடைப்பது மட்டும் போதாது, மண்வெட்டி பிடிக்கிற கையையும் தடுக்க வேண்டும் என்று. பூஜ் பெண்களை நினைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை மறுபடி ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். குறி யார் என்று தெரியும்.

கண்ணிவெடிக்கும் சிறுகுண்டுக்கும் நம்மவன் அடுத்தவன் என்று தெரியாது. 1991 பிப்ரவரி 26-ஆம் தேதி, ஈராக்கின் அஸ் ஸல்மான் விமானதளத்தைக் கைப்பற்றிய பிறகு, அங்கே வெடிக்காமல் கிடந்த சிறுகுண்டுகளை அகற்றிக்கொண்டிருந்த அமெரிக்க இராணுவப் பொறியியல் பிரிவினர் ஏழு பேர் வெடித்துச் செத்தார்கள். அவை அவர்கள் பக்கத்து விமானங்களே போட்ட குண்டுகள். ஆயிரக்கணக்கில் போடும் எந்தப் பொருளிலும் ஒரு பங்கு பழுதாகத்தான் இருக்கும். குவாலிட்டி கன்ட்ரோல் படித்த எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலையில் பழுதான பொருளை ஒதுக்கி வைக்கலாம். போர்க்களத்தில் அது புல்லுக்குள் கிடந்து, யாரோ ஒருவர் காலுக்காகக் காத்திருக்கும்.

ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997-ல் கையெழுத்தானது. பிரிட்டன் அதை 1998-ல் உறுதி செய்தது. அதோடு ஜே.பி.233-இன் கதை முடிந்தது. இத்தனை வருஷ உழைப்பு, இத்தனை கோடி, சில இரவுகள், பிறகு ஓய்வு. 2008-ல் கொத்துக்குண்டுகளுக்கும் தனியே ஓர் உடன்படிக்கை வந்தது. இந்தியா, அமெரிக்கா, ரஷ்யா, சீனா போன்ற பெரிய நாடுகள் இந்த இரண்டிலும் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தள்ளி நின்று போடுவது

அடுத்த தலைமுறை, விமானியை ஓடுபாதைக்கு மேலே அனுப்புவதை விட்டுவிட்டது. பிரிட்டன் 2003-ல் ஸ்டார்ம் ஷேடோ ஏவுகணைக்கு வந்தது. நம் டி.ஆர்.டி.ஓ. விமானதளங்களைத் தாக்குவதற்கென்றே 125 கிலோ எடைப் பிரிவில், 100 கிலோமீட்டர் வரை மிதந்து போகும் ஒரு குண்டை உருவாக்கியிருக்கிறது. 2021-ல் செயற்கைக்கோள் வழிகாட்டலோடும், இலக்கைப் படமாகப் பார்க்கும் கண்ணோடும் ராஜஸ்தானில் அதைச் சோதித்தார்கள். 2025 மே மாதச் சண்டையில் பாகிஸ்தானின் ரஹீம் யார் கான் ஓடுபாதையில் விழுந்த பள்ளத்தின் படத்தை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அதற்காக எந்த விமானியும் அந்த ஓடுபாதைக்கு மேலே நேர்கோட்டில் பறக்க வேண்டியிருக்கவில்லை.

விமானியின் தலைக்கு மேலிருந்த கத்தி போயிற்று. சந்தோஷம். ஆனால் ஆபத்து முழுவதும் கரைந்துவிட்டதா? இல்லை. வரைபடத்தில் ஆயத்தொலைவு குறிப்பவரிடம் ஒரு பங்கு போயிருக்கிறது. ஓர் இலக்கம் பிசகினால் ஓடுபாதைக்குப் பதில் ஊர். செயற்கைக்கோள் சமிக்ஞையை எதிரி குழப்பினால் என்ன செய்யும் என்று மென்பொருள் எழுதுபவரிடம் இன்னொரு பங்கு. பெரிய செலவு என்பதால் எத்தனை வாங்குவது, எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிப்பவரிடம் மற்றொரு பங்கு. அவர்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பதால் தங்கள் கையில் ஆபத்து இருப்பது அவர்களுக்குத் தெரியாமலே போகலாம். ஓடுபாதைக்கு மேலே போன விமானிக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

மாணவர்களுக்கு

முதலில் சொன்ன பாடத்துக்கு வந்துவிட்டேன். நாம் செய்யும் எந்த வடிவமைப்பிலும் ஆபத்தை முழுவதும் ஒழிப்பது அரிது. பெரும்பாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அதை நகர்த்துகிறோம். குண்டிடமிருந்து விமானிக்கு, விமானியிடமிருந்து பள்ளம் மூடுகிறவருக்கு, அவரிடமிருந்து பத்து வருஷம் கழித்து அந்த வயலில் மாடு மேய்க்கிற பையனுக்கு. அந்த நகர்த்தலைச் செய்கிற பேனா நம் கையில் இருக்கிறது.

இது உங்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்திருக்கிறது. இந்த ஹாலில் இருப்பவர்களில் சிலர் ட்ரோன் செய்வீர்கள், சிலர் ஃபியூஸ் செய்வீர்கள், சிலர் அதற்குள் ஓடும் புரோகிராம் எழுதுவீர்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும். அதைச் செய்ய நல்ல என்ஜினீயர்கள் வேண்டும். லிஃப்ட் செய்தாலும், பாலம் கட்டினாலும், ஆஸ்பத்திரிக்கு மெஷின் செய்தாலும் இதே பேச்சுதான்.

உங்கள் மேஜைக்கு ஒரு தேவைப் பட்டியல் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதைப் பயன்படுத்துகிறவன் எங்கே, எத்தனை நேரம், எந்த நிலையில் நிற்க வேண்டியிருக்கும்? நூற்றில் ஒன்று பழுதானால் அந்த ஒன்று எங்கே கிடக்கும்? வேலை முடிந்த பிறகு இடத்தைச் சுத்தம் செய்யப் போவது யார்? பட்டியலில் எடை இருக்கும், வேகம் இருக்கும், விலை இருக்கும். இந்த மூன்று கேள்விக்கும் பெரும்பாலும் கட்டம் இருக்காது. நீங்களே ஒரு கட்டம் வரைந்து நிரப்புங்கள். "ஜூனியர் நமக்கு எதுக்கு வம்பு" என்று இருந்துவிடாதீர்கள். கேள்வி கேட்க சீனியாரிட்டி தேவையில்லை.

நம் பேராசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவில் "இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்கிறீர்கள். அதோடு "இது வேலை செய்யாமல் போனால் யாருக்கு அடிபடும்?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலபஸ் மாற வேண்டாம், பல்கலைக்கழக அனுமதி வேண்டாம், பைசா செலவில்லை.

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது என்று செயலாளர் சார் கடிகாரத்தைக் காட்டுகிறார்.